பட்டவர் நீட்டிய கை

அயர்லாந்து ஏழைகளுக்கு அன்று உருளைக்கிழங்குதான் சோறு. 1845-லும் 1846-லும் அந்தப் பயிரை நோய் தாக்கியது. கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகியது. பசியும் காய்ச்சலும் ஊர் ஊராக மக்களைக் கொண்டுபோயின. பஞ்சம் ஓய்வதற்குள் சுமார் 10 லட்சம் பேர் மடிந்தார்கள். கிட்டத்தட்ட அதே அளவு மக்கள் பிழைப்புத் தேடிக் கப்பலேறினார்கள்.

இந்தச் செய்தி அட்லாண்டிக் கடலைத் தாண்டி, இன்று ஓக்லஹோமா என்று அழைக்கப்படும் பகுதியில் வாழ்ந்த சாக்டா பழங்குடி மக்களை எட்டியது. 1847 மார்ச்சில் அவர்கள் கூட்டம் கூட்டிப் பணம் திரட்டினார்கள். 170 டாலர் சேர்ந்தது. அதை அயர்லாந்துக்கு அனுப்பிவைத்தார்கள்.

கொடுத்தவர்கள் யார் என்பதுதான் முக்கியம். 1831 முதல் அமெரிக்க அரசு அவர்களை மிசிசிப்பியில் இருந்த சொந்த மண்ணைவிட்டு வெளியேற்றியது. போகும் வழியில் குளிராலும் பசியாலும் நோயாலும் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். அது தொடங்கி 16 ஆண்டுகளே ஆகியிருந்தன. பெற்றவரை வழியில் புதைத்துவிட்டு வந்த பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். பட்டினி என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

துன்பப்பட்டவர் எல்லாரும் இரக்கமுள்ளவர் ஆகிவிடுவதில்லை. மாமியாரிடம் பட்டதை மருமகளிடம் தீர்த்துக்கொள்பவர்கள் உண்டு. முதலாண்டில் ராகிங்கில் அழுத மாணவன் மறுஆண்டு அதையே இன்னொருவனுக்குச் செய்வதும் உண்டு. “நான் பட்டேனே, நீயும் படு” என்பது மனித இயல்பில் ஒரு பக்கம். “நான் பட்டது போதும், நீ படவேண்டாம்” என்பது இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே வலியிலிருந்துதான் பிறக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது நம் கையில் இருக்கிறது. சாக்டா மக்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். மொழி, நிறம், நாடு எதுவும் பொதுவாக இல்லாத இரண்டு மக்களை அந்த ஒரு முடிவு உறவாக்கியது.

அயர்லாந்து அதை மறக்கவில்லை. கார்க் மாவட்டத்தின் மிடில்டன் ஊரில், அந்த உதவிக்கு நன்றியாக எஃகினால் ஆன கழுகிறகுகளின் சிற்பம் 2017-ல் திறந்துவைக்கப்பட்டது. 2020-ல் கொரோனா நவஹோ, ஹோபி பழங்குடி மக்களை வாட்டியபோது, அயர்லாந்து மக்கள் பலர் 1847-ஐ நினைவுகூர்ந்து நிதி அனுப்பினார்கள். கொடுத்தவர் சாக்டா, நன்றியைப் பெற்றவர் வேறு பழங்குடியினர். செய்த உதவி செய்தவருக்கே திரும்பி வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தேவைப்படுகிற இடத்துக்கு அது போய்ச் சேர்ந்தால் போதும்.

நீங்கள் ஒருகாலத்தில் பட்ட கஷ்டத்தை இப்போது பட்டுக்கொண்டிருப்பவர் உங்களுக்குத் தெரிந்தவர்களிலேயே இருப்பார். வேலை போனவராக இருக்கலாம். பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் தூங்காமல் இருப்பவராக இருக்கலாம். அவருடைய வலி உங்களுக்குத் தெரியும். இன்றே அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள், முடிந்ததைச் செய்யுங்கள்.