மீண்டும் ஏறும் முள்

நம் ரயில் நிலையங்களில் ஒரு காலத்தில் எடை எந்திரங்கள் நின்றிருந்தன. வண்ண விளக்குகள் மின்ன, உள்ளே ஒரு சக்கரம் சுழல, காசைப் போட்டவுடன் சிறிய தடித்த அட்டை ஒன்று வந்து விழும். அதில் எடை அச்சாகியிருக்கும். கூடவே நம் குணத்தைப் பற்றியோ, வரப்போகும் நற்காலத்தைப் பற்றியோ ஒரு வாசகமும் இருக்கும். எடையைப் பார்த்தவர்களைவிட வாசகத்தைப் படித்தவர்களே மிகுதி. வேடிக்கைதான். ஆனால், எடையையும் குணத்தையும் ஒரே அட்டையில் அச்சிடும் பழக்கம் அந்த எந்திரத்தோடு போய்விடவில்லை. இன்று வீட்டு மூலையில் கிடக்கும் எடைக்கருவியின் முள் எண்ணை மட்டுமே காட்டுகிறது; வாசகத்தை நாமே எழுதிக்கொள்கிறோம். எடை குறைந்த நாளில் அது இனிப்பாக இருக்கிறது. குறைந்த எடை திரும்ப ஏறத் தொடங்கும் நாளில் அதுவே தீர்ப்பாகிவிடுகிறது.

அந்தத் தீர்ப்பு நியாயமானதுதானா?

மயிலாப்பூரில் ஓர் அலுவலர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயது ஐம்பதை நெருங்குகிறது, எடை 86 கிலோ, மருத்துவர் எச்சரித்துவிட்டார். திருநீற்றுப் புதனன்று தொடங்கினார். அதிகாலையில் நாகேசுவரராவ் பூங்காவில் நடை. இரவில் சோற்றுக்குப் பதில் இரண்டு சப்பாத்தி. மாலை வடைக்கும் பஜ்ஜிக்கும் விடை. தவக்காலம் முடிந்த பின்னும் அவர் விடவில்லை. எட்டு மாதத்தில் 74 கிலோவுக்கு வந்தார். நம் ஊர் வழக்கப்படி யாரும் பாராட்டவில்லை, “என்ன சார், இப்படி இளைச்சுட்டீங்க, சுகரா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் முள் 77-ஐக் காட்டியது. கிறிஸ்து பிறப்பு விழா கழிந்தபோது 79. இத்தனைக்கும் நடையை அவர் நிறுத்தவில்லை. இப்போது அதே மனிதர்கள், “இப்பத்தான் சார் முகத்துல களை வந்திருக்கு” என்கிறார்கள். அவருக்கோ உள்ளே ஏதோ இடிகிறது. ஒரு வாரம் பூங்காவுக்குப் போகவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்க்க வேண்டியவர், ‘கொஞ்சம் குறைத்துக்கொண்டு போவோம்’ என்று தள்ளிப்போடுகிறார். ஏறிய ஐந்து கிலோவைவிட இந்தத் தள்ளிப்போடுதலே அவருக்குப் பெருங்கேடு. இளைத்தபோது இரங்கியும் பருத்தபோது மகிழ்ந்தும் பேசிய சுற்றத்தாரிடம் இந்தத் துயரத்தைச் சொல்லவும் வழியில்லை.

முதலில் உடலின் தரப்பைக் கேட்போம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் ஆய்வாளர்கள் 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பருமனான 50 பேரைச் சேர்த்துக்கொண்டு, பத்து வாரம் மிகக் குறைந்த உணவில் வைத்தார்கள். நிறைவு செய்தவர்களுக்குச் சராசரியாக 13.5 கிலோ குறைந்தது. ஓராண்டு கழித்துச் சோதித்தபோது, பசியைத் தூண்டும் ‘கிரெலின்’ என்னும் சுரப்பு தொடக்கத்தைவிட உயர்ந்தே இருந்தது. போதுமென உணர்த்தும் ‘லெப்டின்’ தாழ்ந்தே இருந்தது. அதாவது, உணவுத் திட்டம் முடிந்து ஓராண்டாகியும் உடல் இழந்ததைக் கேட்டுக்கொண்டே இருந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் பங்கேற்ற 14 பேரை ஆறு ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட செய்தி இன்னும் கடுமையானது. போட்டியில் சராசரி 58 கிலோ இழந்தவர்கள், அதில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தனர். ஓய்வில் அவர்களுடைய உடல் செலவிட்ட ஆற்றல், அந்த உடலளவுக்கு எதிர்பார்க்கக்கூடியதைவிட நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாக இருந்தது. அடுத்தவர் உண்ணும் அதே அளவை உண்டாலும் இவர்களுக்கு எடை கூடும்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை நாம் நூல்களில் படிக்கிறோம். நம் உடலோ பஞ்சத்துக்கு இன்னும் அஞ்சிக்கொண்டே இருப்பதுபோல் நடந்துகொள்கிறது. தியாகராய நகரில் தெருவுக்கு இரண்டு இனிப்புக் கடைகள் இருப்பது அதற்குத் தெரியாது. எடை குறைந்தால் இழப்பு என்றே கொள்கிறது. கதவைச் சாத்திச் சேமிக்கத் தொடங்குகிறது.

இதை அறியாதவர்களாய் நாம் என்ன செய்கிறோம்? ‘தலையான பாவங்கள் ஏழு’ என்று மறைக்கல்வியில் மனப்பாடம் செய்த பட்டியலில் போசனப்பிரியமும் ஒன்று. பருத்த உடலைக் கண்டவுடன் அந்தச் சொல் நினைவுக்கு வந்துவிடுகிறது. ஆனால் 6-ஆம் நூற்றாண்டில் புனித பெரிய கிரகோரியார் வகுத்ததும், பின்னர் புனித தாமஸ் அக்குவினார் எடுத்தாண்டதுமான விளக்கத்தைப் பாருங்கள். போசனப்பிரியம் ஐந்து வகைப்படும்: உரிய நேரத்துக்கு முன்பே உண்பது, விலை மிகுந்ததையே தேடுவது, அளவுக்கு மிஞ்சி உண்பது, பேராவலோடு விழுங்குவது, பக்குவத்தில் மிகையான நுணுக்கம் பார்ப்பது. ஐந்தில் ஒன்றுதான் அளவைப் பற்றியது. காபியில் டிகாக்‌ஷன் ஒரு துளி குறைந்ததற்காக வீட்டை இரண்டாக்கும் ஒல்லியான மனிதரும் இப்பட்டியலில் அகப்படுவார். உடலின் சுற்றளவைப் பற்றி இருவரும் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அக்குவினார் பருத்த உடலினர் என்று மரபு கூறுவதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஆயினும், ‘உங்கள் மேல் குற்றமே இல்லை’ என்று சொல்லி முடித்துவிட என் மனம் ஒப்பவில்லை. அது ஆறுதல்தான், ஆனால் பாதி உண்மை. நம் அலுவலர் தம் நாளைச் சற்று உற்றுப் பார்த்தால், விடைபெற்ற பஜ்ஜி வாரம் ஒருமுறை திரும்பியிருப்பதையும், தொலைக்காட்சியின் முன் ஒரு கைப்பிடி மிக்ஸ்சர் கணக்கில் வராமல் போனதையும் காண்பார். சுரப்புகள் தூண்டின என்பது மெய். கை நீண்டதும் மெய். எல்லாம் உடலின் செயலே என்று விட்டுவிட்டால், இனிச் செய்வதற்கும் ஒன்றுமில்லை என்றாகிவிடும். குற்றம் வேறு, பொறுப்பு வேறு. ஐப்பசி மழைக்கு நாம் காரணரல்லர். வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் நாம்தாம்.

இந்தப் பொறுப்பின் தனித்தன்மையை யாவரினும் தெளிவாகக் கண்டவர் புனித அகுஸ்தினார் என்று எனக்குத் தோன்றுகிறது. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ‘ஒப்புதல்கள்’ நூலின் பத்தாம் பகுதியில், ஆயரான பின்னும் உணவு மேசையில் தமக்கு நாள்தோறும் நேரும் போராட்டத்தை ஒளிக்காமல் சொல்கிறார். மருந்து உண்பதுபோல் உணவை உண்ண வேண்டும் என்று கற்றிருக்கிறார். ஆனால் பசியிலிருந்து நிறைவுக்குப் போகும் வழியிலேயே இன்பம் கண்ணி வைத்துக் காத்திருக்கிறது. உடல்நலத்துக்காகச் சாப்பிடுகிறோமா, இன்பத்துக்காகவா என்று அவருக்கே விளங்குவதில்லை. வேறு பழக்கங்களை ஒரே வெட்டில் வெட்டி எறிந்துவிட அவரால் முடிந்தது. உணவை அப்படி வெட்ட இயலாதே! குடியை விட்டவர் மதுக்கடைத் தெருவையே தவிர்க்கலாம். உணவை அடக்க நினைப்பவர் நாளைக்கு மூன்று முறை அந்தத் தெரு வழியாகவே நடந்தாக வேண்டும். நடந்து, பாதியில் திரும்ப வேண்டும்.

ஆகவே இது முடிவுள்ள போர் அன்று. அக்குவினார் விடாமுயற்சி என்னும் நற்பண்பை ஆராயும் இடத்தில் ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார். சில செயல்களில், செயல் முடியும்வரை நிலைத்திருந்தால் போதும். படைவீரன் போர் முடியும்வரை நிற்பதைப் போல. வேறு சில நற்பண்புகள், நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு போன்றவை, வாழ்நாள் முடியும்வரை நிலைத்திருக்க வேண்டியவை. நம் தவறு இங்கேதான் தொடங்குகிறது. இரண்டாம் வகைக்குரிய ஒன்றை முதல் வகையாக எண்ணிப் புறப்படுகிறோம். ‘74-ஐத் தொட்டால் வெற்றி’ என்கிறோம். தொட்டும் விடுகிறோம். தொட்ட பிறகு என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை.

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தை ஒட்டி, காவி உடுத்திப் பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணித் திருத்தலத்துக்கு நடந்து வருவோரைக் காண்கிறோம். கால் கொப்புளித்தாலும் நடக்கிறார்கள். கோபுரம் கண்ணில் பட்டதும் களைப்பு பறந்துவிடுகிறது. செப்டம்பர் 8-இல் விழா நிறைவுறுகிறது. அது சென்று சேரும் நடை. நாகேசுவரராவ் பூங்காவின் நடைபாதையோ சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வருகிறது. அங்கே எந்தக் கோபுரமும் தென்படாது. திருப்பயண மனத்தோடு அந்தப் பாதையில் நடப்பவர் விரைவில் சலித்துப்போவார். தவக்காலத்தைக்கூட நாற்பது நாளில் முடியும் நடையாகவே பலர் கொள்கிறோம். உயிர்ப்பு ஞாயிறன்று பிரியாணியோடு கணக்கைத் தீர்த்துவிடுகிறோம். ஆனால் அடுத்த ஆண்டும் திருநீற்றுப் புதன் வருகிறது. சென்ற ஆண்டு ஒருசந்தியும் சுத்தபோசனமும் தோற்றுப்போனதால்தான் இந்த ஆண்டும் வருகிறது என்று எவரும் நினைப்பதில்லை.

கோபுரம் தெரியாத நடையால் பயன் உண்டா? இதற்கு நம் சென்னையிலேயே ஒரு விடை இருக்கிறது. டாக்டர் அ. ராமச்சந்திரனும் டாக்டர் சி. சினேகலதாவும் அவர்களுடைய குழுவினரும் நடத்திய ‘இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம்’ என்னும் ஆய்வின் முடிவு 2006-இல் வெளிவந்தது. நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேர் அதில் பங்கேற்றனர்; பெரும்பாலும் நடுத்தர வர்க்கத்துப் பணியாளர்கள், நடுவயதினர். நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொரு குழுவுக்கு நாளும் அரைமணி நேர விரைவு நடை, சர்க்கரையையும் கொழுப்பையும் குறைத்தல், நார்ச்சத்தைக் கூட்டுதல் என்ற வாழ்க்கைமுறை மாற்றம். மூன்றாம் குழுவுக்கு ‘மெட்ஃபார்மின்’ மாத்திரை. நான்காம் குழுவுக்கு இரண்டும். மூன்றாண்டில், அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். வாழ்க்கைமுறையை மாற்றியவர்களில் நூற்றுக்கு 39 பேர். மாத்திரையின் பயனும் ஏறத்தாழ அதே அளவுதான்; இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் பயன் கிடைக்கவில்லை.

இத்தனையும் நன்று. என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொன்று. நடந்தும் உணவைத் திருத்தியும் பயன்பெற்ற அந்தக் குழுவினரின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. அவர்கள் எடைக்கருவியை மட்டும் நம்பியிருந்தால் என்ன முடிவுக்கு வந்திருப்பார்கள்? ‘மூன்று ஆண்டு நடந்தும் வீண்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவர்களுடைய தசையும் இரத்தமும் வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தன. நாள்தோறும் செய்த சிறு செயல்கள், முள் காட்டாத இடத்தில் பலித்துக்கொண்டிருந்தன. நம் அலுவலரின் 79 கிலோவும் இப்படிப்பட்ட ஓர் எண்ணாக இருக்கலாம். 86-க்கு இன்னும் ஏழு கிலோ கீழே அவர் நிற்கிறார் என்பதையும், நடக்காமலே இருந்திருந்தால் எங்கே நின்றிருப்பார் என்பதையும் அந்த முள் சொல்லாது.

அப்படியானால் எடையைப் பொருட்படுத்த வேண்டாமா? வேண்டும். முழங்கால் மூட்டுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் இரவுத் தூக்கத்துக்கும் எடை பொருட்டே. பார்க்காமலே இருப்பதும் ஒருவகை அச்சம்தான். வாரம் ஒருமுறை பார்க்கட்டும். அதற்குப் பக்கத்தில் நடந்த நாள்களின் எண்ணிக்கையையும் இடுப்பளவையும் எழுதட்டும். மூன்று கிலோ ஏறியதும் மருத்துவரிடம் போவது, பத்து ஏறிய பின் போவதைவிட எளிது. எடைக்குறைப்புக்கான வாராந்திர ஊசி மருந்துகள் 2025-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்துள்ளன. அவற்றை நாடுவோரைக் ‘குறுக்கு வழிக்காரர்’ என்று சிலர் ஏளனம் செய்வது எனக்கு விளங்கவில்லை. மூக்குக் கண்ணாடி அணிவதும் குறுக்கு வழிதானா? ஆனால் அத்தகைய மருந்து ஒன்றை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பிவிட்டது என்று 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது. மருந்தாலும் கோபுரத்தைக் கட்டிவிட முடியவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். நாம் கற்பனை செய்த அலுவலரின் இரண்டு சப்பாத்தியை இட்டவர் யார்? வீட்டில் மற்றவர்களுக்குச் சோறும் குழம்பும், இவருக்குத் தனியே சப்பாத்தியும் கூட்டும் என்று இரட்டை வேலை பார்த்தவர் அவருடைய மனைவி. மிஞ்சிய சோற்றைக் கொட்ட மனமில்லாமல் உண்டவரும் அவரே. அந்த அம்மாவுக்கும் எடை கூடியிருக்கும், குறைக்க முயன்றிருப்பார், திரும்ப ஏறியிருக்கும். அதை எவரும் கவனித்ததில்லை. பிள்ளைக்குத் தேர்வு, மாமியாருக்குக் காய்ச்சல், வேலைக்காரி வரவில்லை என்று வீட்டில் எது நேர்ந்தாலும் முதலில் நின்றுபோவது அவருடைய நடைதான். அதை ‘ஊக்கம் போதவில்லை’ என்று சொல்வது பெரிய அநியாயம். அன்பியக் கூட்டம் அவர் வீட்டில் நடந்தால், கேசரியும் வடையும் இல்லாமல் அனுப்பினால் என்ன நினைப்பார்களோ என்று அஞ்சுகிறவரும் அவரே. வந்தவர்கள் சுண்டலும் மோரும் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். கணவரோ வாரத்தில் மூன்று நாள் காலைக் காபியைத் தாமே போட்டு, பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவைத் தாமே கட்டிவைக்கலாம். அந்த மூன்று நாளும் ஆறு மணிக்குப் பூங்காவுக்கு அந்த அம்மா போகட்டும். இவர் மாலையில் நடந்துகொள்ளட்டும்.