ஒட்டின கவர்

தாம்பரத்தில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் சானடோரியம். இரும்புலியூரில் குடியேறிய நாளிலிருந்து வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை, பீச் போகும் மின்ரயிலில் அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டிப் போய்ச் சேத்துப்பட்டில் இறங்கியிருக்கிறேன். 1928-ல் டாக்டர் சவுரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய ஆஸ்பத்திரி அந்தச் சானடோரியம். கடைசியில் அந்தப் பகுதிக்கே அது பெயராகிவிட்டது. நான் வேலை பார்த்த சேத்துப்பட்டு காசநோய் ஆய்வு நிலையமோ, அப்படி ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுத்துக் கிடக்கத் தேவையில்லை என்று உலகத்துக்குக் காட்டிய இடம். இந்த வேடிக்கை எனக்கு உறைக்கவே பல வருடம் ஆனது. காலை எட்டே கால் வண்டியில் உட்கார இடம் கிடைக்குமா என்பதுதான் அப்போதைய தத்துவ விசாரம்.

முதலில் என்னை ஆய்வுக்கூடத்தில் போட்டார்கள். விஞ்ஞானம் பண்ணப் போகிறேன் என்று போன எனக்கு முட்டை உடைக்கும் வேலை. காசக்கிருமி லேசில் வளராது. கோழிமுட்டை, கிளிசரின், சில உப்புகள், மேலக்கைட் பச்சை எல்லாம் கலந்து, குழாயில் ஊற்றிச் சாய்த்து, சூட்டில் இறுக வைத்துக் கொடுத்தால்தான் வளரும். நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சுத்த சைவம். முட்டையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்து, ஒன்று ஒன்றாக உடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் மாமியார் கொல்லைப்பக்கம் வாளியில் தண்ணீர் வைத்திருப்பார். "தலைக்கு ஊத்திக்கிட்டு உள்ள வாம்மா. வேலையக் குறை சொல்லல, வாடைதான்" என்பார். அந்தக் குழாயில் சளியை இட்டு, 37 டிகிரியில் வைத்து, எட்டு வாரம் வரை பார்க்க வேண்டும். வாரம் ஒரு தடவை எடுத்துப் பார்ப்போம். ஒன்றும் இருக்காது. திருப்பி வைப்போம். கேட்டவுடன் பதில் வராது என்பதைக் கோவிலில் கற்றதைவிட அந்த அலமாரி முன்னால் நின்றுதான் அதிகம் கற்றேன்.

பிறகு நோயாளிகளைச் சேர்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கேதான் கவர்.

அதற்கு ஒரு முன்கதை உண்டு. 1956-ல் இந்த நிலையம் தொடங்கியதே ஒரு கேள்விக்காக. நாட்டில் நோயாளிகள் பல லட்சம், ஆஸ்பத்திரியில் கட்டில்களோ கொஞ்சம். மருந்து கையில் வந்தாயிற்று. அதை வீட்டிலிருந்தே சாப்பிட்டால் குணமாகாதா? வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் தலைமையில் சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறு பாதி வீட்டுக்கு. யார் எங்கே என்பதை டாக்டர் முடிவு செய்யவில்லை. எழுந்தமானத்துக்குப் பிரித்து முன்கூட்டியே எழுதி ஒட்டின கவர் முடிவு செய்தது. 1959-ல் முடிவு வெளியானது. சானடோரியத்துக்காரர்களுக்கு நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. வீட்டில் இருந்தவர்களுக்கு ஒற்றை அறை, அரை வயிறு, வேலை. இருந்தும் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறின. வீட்டு நோயாளியோடு இருந்த குழந்தைகளுக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றிவிடவில்லை. வீட்டுக்கு என்று சீட்டு வந்தவர்களில் எத்தனை பேர், 'கட்டில் கிடைக்காத பாவி ஆனேனே' என்று அன்றைக்கு நொந்திருப்பார்கள் என்று யோசிப்பேன்.

என் காலத்துக் கேள்விகள் வேறு. மாத்திரை தினமுமா, வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதுமா என்பது போன்றவை. கவர் மட்டும் அதேதான். பிரிக்கும்போது நோயாளிகள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இது தெரிந்த சடங்கு. பெண் கொடுக்கலாமா, நிலத்தை விற்கலாமா என்று இரண்டு சீட்டு எழுதிச் சாமி முன்னால் போட்டு, குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வோமே, அந்தத் திருவுளச்சீட்டு. பத்தாம் நூற்றாண்டில் உத்தரமேரூர்க்காரர்கள் ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்ததும் குடத்தில் ஓலை போட்டு, விவரம் அறியாத சிறுவனை எடுக்கச் சொல்லித்தான். ஆனால் ஒரு வித்தியாசம். கோவில் சீட்டில் சாமியின் மனசு பேச வேண்டும் என்று வேண்டுகிறோம். எங்கள் கவரில் யார் மனசும் பேசக்கூடாது. டாக்டரின் இரக்கமும் கூடாது, நோயாளியின் ஆசையும் கூடாது. தேறுவார் என்று தோன்றுகிறவரைப் புது மருந்துக்குத் தள்ளிவிட்டால் கணக்கே பொய். உத்தரமேரூர்ச் சிறுவன் கோவிலை விட எங்களுக்குத்தான் நெருக்கம் என்று நினைக்கிறேன்.

என் சங்கடமும் அங்கேதான். பிரதோஷம் தவறாமல் கோவிலுக்குப் போகிறவள் நான். வினைப்பயன் என்ற சொல்லோடு வளர்ந்தவள். ஆனால் கவருக்கும் அதைப் பெறும் ஆளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று நம்பினால்தான் எங்கள் கணக்கு நிற்கும். எந்தத் தொடர்பும் என்றால் முன்வினையும் சேர்த்துத்தான். நல்வினை செய்தவர்களுக்கெல்லாம் நல்ல மருந்துள்ள கவராகப் போய்ச் சேர்ந்தால், குணமானது மருந்தாலா புண்ணியத்தாலா என்று எந்தக் கணிதமும் சொல்ல முடியாது. ஆக, காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்தரை வரை, வினை என் மேஜைக்கு வராது என்ற உறுதியோடு சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

ஒருநாள் மாமியாரிடம் கேட்டேவிட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் தலை நிமிராமல் சொன்னார்: "வினைக்கு உன் கவருக்குள்ள போய் ஒளிஞ்சிக்கத்தான் நேரமா? கிருமி அவன் நெஞ்சுக்குள்ள போன அன்னிக்கே அது வேலைய முடிச்சிருக்கும்."

நல்ல பதில். ஆனால் கிருமி போன பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் வாழ்நாளில் என்றாவது நோயாகிறது. ஏன் அந்த ஒருவர்? பசி, சர்க்கரை, புகை, எச்ஐவி, கொஞ்சம் பிறவிக்கூறு. எத்தனை பேர் என்று எங்களால் சொல்ல முடியும். இவர் ஏன் என்று முடியாது. அந்த இடைவெளியில் வினையைக் கொண்டுவந்து வைப்பது எளிது. வைத்ததன் விலையையும் பார்த்திருக்கிறேன். 'அந்தக் குடும்பத்துல டிபி' என்று தங்கைக்கு வரன் தட்டிப்போகும். கைக்குழந்தையோடு மருமகளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 1882-ல் கோக் என்ற மருத்துவர் காசக்கிருமியைக் காட்டியபோதே இது பரம்பரை நோய் என்ற பேச்சு செத்திருக்க வேண்டும்.

இப்போது மரபணு என்ற சொல் எல்லார் வாயிலும் வந்துவிட்டதால், விதிக்குப் புதுச் சட்டை கிடைத்ததோ என்று பயமாக இருக்கிறது. அதற்கு எங்கள் நிலையத்துப் பழைய கதை ஒன்றே போதும். ஐசோநயாசிட் என்ற மாத்திரையை ஈரல் முறித்துப் போடும் வேகம் ஆளுக்கு ஆள் வேறு. அது என்ஏடி2 என்ற ஒரு மரபணுவின் வேலை. தாய் வயிற்றிலேயே ஒட்டின கவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக முறிக்கிறவர்களுக்கு மருந்து உடம்பில் தங்கிக் கை கால் மதமதக்கும்; பி6 வைட்டமின் கொடுத்தால் சரியாகும். வேகமாக முறிக்கிறவர்கள், வாரம் ஒரே ஒரு தடவை மருந்து தந்தபோது பின்தங்கினார்கள். ஆனால் தினமும் தந்தால் இரு சாராரும் ஒன்றுதான். வாரம் ஒருமுறை என்ற ஏற்பாட்டில் மட்டும் தலை காட்டிவிட்டு, தினமும் என்றதும் காணாமல் போகிற ஒன்றை விதி என்பதா, அட்டவணை என்பதா? மாமியாரிடம் இதையும் கேட்டிருக்கலாம். அதற்குள் அவர் போய்விட்டார்.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. வந்தவாசிப் பக்கத்துப் பெண், இருபது வயதிருக்கும். மடியில் குழந்தை. கவரை என் பக்கம் தள்ளி, "நீங்களே பிரிங்கக்கா, உங்க கை ராசி" என்றாள். உள்ளே இருக்கும் எண் மாதங்களுக்கு முன் எழுதியது, என் கையில் ராசியும் இல்லை ஒன்றும் இல்லை என்று தெரியும். இருந்தும் ஓரத்தைக் கிழிக்கும்போது மனசுக்குள் 'முருகா' என்றேன். சொன்ன பிறகுதான் விழித்தேன்: என்ன கேட்டேன்? எந்தக் கவர் வர வேண்டும் என்று? இரண்டில் எது மேல் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அவளைச் சீட்டில் போட்டதே பாவம். எதைக் கேட்பது என்று அறியாமலே வேண்டிக்கொண்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். மற்ற வேண்டுதல்களெல்லாம் பட்டியலோடு போனவை.

அவளுக்கு வாரம் மூன்று நாள் என்று வந்தது. திங்கள், புதன், வெள்ளி என்று கார்டில் எழுதிக் கொடுத்தேன். "வெள்ளிக்கிழமை விரதம்க்கா, மாத்திரை போடலாமா?" என்று கேட்டாள்.

போடலாம் என்றேன்.