விடுவிக்கப்பட்டவனுக்கும் தண்டனையா?



ஆண்டவருடைய பாடுகளின் வரலாறு வாசிக்கப்படும்போது நம்மிற் பலர் கவனியாது விட்டுவிடும் ஓர் இடம் உண்டு. யேசுவை ஏரோதிடம் அனுப்பித் திரும்பப் பெற்ற பிலாத்து, மக்களைக் கூட்டி, தானும் குற்றம் காணவில்லை, ஏரோதும் காணவில்லை என்று அறிவிக்கிறான். அதே மூச்சில், ஆகவே அவரை அடிப்பித்து விட்டுவிடுவதாகச் சொல்கிறான் (லூக். 23). அந்த 'ஆகவே'யைச் சற்றே சிந்தியுங்கள். குற்றமில்லை, ஆகவே அடி!

உரோமை ஆளுநன் ஒருவனின் கோழைத்தனம் என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். ஐக்கிய அமெரிக்காவின் சமஷ்டி நீதிமன்றங்களைப் பாருங்கள். எதிரி ஒருவன்மீது பல குற்றச்சாட்டுகள் இருக்கும். நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டவற்றுக்கு மட்டும் யூரிமார் பன்னிருவரும் அவனைக் குற்றவாளி என்பர், ஏனையவற்றிலிருந்து விடுவிப்பர். ஆனால் தண்டனை விதிக்க அமரும் நீதிபதிக்கு அவ்வளவு நிரூபணம் வேண்டியதில்லை. தராசு சற்றே சாய்ந்தாற் போதும். ஆதலால் யூரிமார் விடுவித்த குற்றத்தையும் அவர் கணக்கிற் சேர்க்கலாம் என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1997இல் ஏற்றுக்கொண்டது. ஒரு வழக்கில், மருந்துக்கடைக் கொள்ளைக்கு வழிகாட்டி விதிகளின்படி உரியது 57 முதல் 71 மாதச் சிறை. கொலைக் குற்றச்சாட்டிலிருந்து யூரிமார் அவனை விடுவித்திருந்தனர். கிடைத்ததோ 228 மாதம், அதாவது 19 வருடம்! 2023இல் உயர் நீதிமன்றம் அவனுடைய மனுவை விசாரணைக்கு ஏற்க மறுத்தது.

இவ்வழக்கத்தை நிறுத்தும் சட்டமூலம் 2022 மார்ச்சில் பிரதிநிதிகள் சபையில் 405க்கு 12 என்ற வாக்குகளால் நிறைவேறியது. செனற் சபையில் நிறைவேறவில்லை. பின்பு 2024இல் தண்டனை ஆணைக்குழு தன் வழிகாட்டி விதிகளைத் திருத்தி, விடுவிக்கப்பட்ட குற்றத்தைப் பொதுவாகக் கணக்கிற் சேர்க்கலாகாது என்றது. அவ்வாண்டு நவம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. வழிகாட்டி விதி நீதிபதியை முற்றாகக் கட்டுவதில்லை. சட்டமாகவே எழுதினாற்றான் காவல் என்போர் உளர். அவர்கள் சொல்வது சரியென்றே எனக்கும் படுகிறது.

அமெரிக்கச் சட்டம் நமக்கெதற்கு என்பீர்கள். நம் திண்ணையிலும் கோயில் முற்றத்திலும் நாள்தோறும் ஒரு நீதிமன்றம் கூடுகிறதல்லவா? அங்கே யூரிமாரும் நாமே, நீதிபதியும் நாமே. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் வருடக்கணக்காக அடைபட்டிருந்து, ஈற்றில் குற்றவாளியல்ல என்று விடுவிக்கப்பட்டோர் நம் மத்தியில் உளர். அத்தகைய ஒருவர் வேலை கேட்டு வந்தால், அல்லது அவருக்குக் கலியாணம் பேசினால், நாம் என்ன சொல்கிறோம்? "நெருப்பில்லாமல் புகையுமோ?" களவென்று குற்றஞ்சாட்டப்பட்டுப் பின் நிரபராதியெனத் தெரிந்த வேலைக்காரப் பிள்ளைக்கும் இதே கதிதான். பிறகொரு நாள் அவள் ஒரு கோப்பையை உடைத்தாற் போதும், பழைய களவும் சேர்ந்தே எண்ணப்படும்.

போதிய ஆதாரமின்றி அயலான்மீது குற்றமுண்டென்று கொள்வதை, அது மனத்துக்குள் மாத்திரம் நிகழ்ந்தாலுங்கூட, 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் எட்டாம் கற்பனைக்கு எதிரான பாவங்களுள் வைத்திருக்கிறது. வாய் திறவாதவர்களும் தப்பவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்வோர் எத்தனை பேர்?

வருகிற ஞாயிறு பூசைக்குப் போகும்போது, கடைசி வாங்கிலில் தனித்து இருக்கும் அவரருகே இடமிருக்கும். உங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அங்கே போய் இருங்கள். பூசை முடிந்ததும் அவருடைய தாயாரோடும் சற்று நின்று கதையுங்கள்.