ஓடிபி சொன்னவர் கேட்கும் நியாயம்

ஜூலை மாதம் வந்தால் வாழப்பாடியில் பலருக்கும் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து போன் வரும். "ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க." பாக்கு வியாபாரியோ பள்ளி ஆசிரியரோ, ஆறு எண்ணைப் படித்துச் சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அந்த ஆறு எண்தான் அவருடைய கையெழுத்து; ரிட்டர்னில் உள்ளதெல்லாம் உண்மை என்று அவர் அரசுக்குக் கொடுக்கும் உறுதிமொழி. இரண்டு ஆண்டு கழித்து நோட்டீஸ் வரும்போது, "எனக்கென்னங்க தெரியும், ஆடிட்டர் சொன்னபடி செஞ்சேன்" என்கிறார். தவறான வரி யோசனையால் நட்டப்பட்டவர், யோசனை சொன்னவர் மீது வழக்குப் போடுவது நியாயமா? வரியைக் குறைக்க ஆசைப்பட்டவருக்கு அந்த உரிமை உண்டா?

இது யாரோ சிலருக்கு மட்டும் வந்த சங்கடம் அல்ல. 2025 ஜூலை 14 அன்று வருமான வரித்துறை நாடெங்கும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. கட்சி நன்கொடை, மருத்துவச் செலவு, வீட்டு வாடகை, கல்விக் கடன் என்று இல்லாத கழிவுகளைக் காட்டி ரீஃபண்டு வாங்கிக் கொடுத்து, அதற்குக் கமிஷன் பெற்ற இடைத்தரகர்களைத் தேடியே அந்தச் சோதனை. இத்தகைய உரிமைகோரல்கள் மிகுந்த மாநிலங்களில் தமிழ்நாட்டின் பெயரும் இருந்தது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய்க்கான பொய்க் கழிவுகளைத் தாமாகவே கைவிட்டிருந்தார்கள். தரகர்கள் தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளைக் கொடுத்துக் கணக்குத் தாக்கல் செய்ததால், பலருக்கு வந்த நோட்டீஸ்கள் திறக்கப்படாமலே கிடந்தன.

சட்டத்தின் தராசு ஒரு பக்கமாகவே சாய்ந்திருக்கிறது. 2026 மார்ச் வரையிலான வருமானத்துக்குப் பொருந்தும் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 270ஏ பிரிவின்படி, வருமானத்தைத் திரித்துக் காட்டியவருக்கு வரியைப்போல் இரண்டு மடங்கு அபராதம். தவறான சான்றிதழ் கொடுத்த கணக்காளருக்கு 271ஜெ பிரிவு விதிப்பது, ஒரு சான்றிதழுக்கு 10,000 ரூபாய். ஜிஎஸ்டி சட்டத்தின் 48-ஆவது பிரிவோ, வணிகருக்காக ஜிஎஸ்டி பிராக்டிஷனர் தாக்கல் செய்தாலும் விவரங்களின் சரிதவறுக்கு வணிகரே பொறுப்பு என்கிறது. கையெழுத்துப் போட்டவர் முழுச் சுமையையும் தாங்க, வழி காட்டியவர் ஃபீஸோடு விலகிக்கொள்ள முடிகிறது. அந்தக் கோணல் இருக்கும்வரை, நட்டப்பட்டவர் நீதி கேட்பதை நன்றிகெட்ட செயல் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் எல்லோரும் ஒரே அளவுக்கு ஏமாந்தவர்கள் அல்ல. வாழப்பாடிப் பக்கத்துப் பாக்கையே எடுத்துக்கொள்வோம். சொந்தத் தோப்பில் விளைந்ததை உரித்து, வேகவைத்து, காயவைத்து விற்றால் அது விவசாய வருமானம். வருமான வரி கிடையாது. அடுத்தவர் தோப்பின் காய்ப்பை விலைபேசி வாங்கி விற்றால் அது வியாபாரம். நிற்கும் பயிரை வாங்கி விற்றவரின் லாபம் விவசாய வருமானம் ஆகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1951-லேயே சொல்லிவிட்டது. ஓர் ஆடிட்டர் இரண்டையும் சேர்த்து விவசாயத்தில் எழுதச் சொன்னதாக வைத்துக்கொள்வோம். அது சட்டம் என்றே நம்பி எழுதிய வியாபாரி ஏமாற்றப்பட்டவர். "கேட்டா எல்லாம் நம்ம தோப்புன்னு சொல்லிடுங்க" என்ற பேச்சுக்குத் தலையாட்டியவர் கூட்டாளி. இருவருக்கும் நடுவில் இன்னொருவர் இருக்கிறார். போன வருடம் நாலாயிரம் வந்த ரீஃபண்டு இந்த வருடம் நாற்பதாயிரமாக வந்தபோது, ஏன் என்று கேட்காமல் வாங்கிக்கொண்டவர். அவருக்குத் தெரியாது என்பது உண்மை. தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்பதும் உண்மை.

ஆகவே, ஒருவரிடம் எவ்வளவு மறைக்கப்பட்டதோ அவ்வளவுக்குத்தான் அவர் நியாயம் கேட்கலாம். வரி எப்படியும் கட்டியிருக்க வேண்டியது. அதை ஆடிட்டரிடம் கேட்பது அறமாகாது. ஆபத்தைச் சொல்லாமல் விட்டதால் வந்த அபராதம், அந்த யோசனைக்குக் கொடுத்த ஃபீஸ், மேல்முறையீட்டுச் செலவு ஆகியவை கேட்கத் தக்கவை. கூட்டாளிக்கு இழப்பீடு கேட்கும் தகுதி இல்லை. பிடிபடாதவரை பங்கு, பிடிபட்டால் புகார் என்பதை எந்த நீதியும் ஏற்காது.

ஆடிட்டர் தரப்பிலும் நியாயம் உண்டு. வரி திட்டமிடல் பற்றி 1985-ஆம் ஆண்டு மெக்டவல் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய கடுமையை, 2003-இல் ஆசாதி பச்சாவோ ஆந்தோலன் வழக்கில் அதே நீதிமன்றம் தளர்த்தியது. நீதிபதிகளே வேறுபடும் இடத்தில் ஒருவர் கருத்து தோற்றுப்போவது குற்றம் அல்ல. தோற்கக்கூடும் என்று தெரிந்தும் "ஒண்ணும் ஆகாது" என்று சொன்னதுதான் குற்றம். இங்கிலாந்தில் 2017-இல் முடிந்த ஒரு வழக்கில், வரி குறைப்புத் திட்டத்துக்கு 75 முதல் 80 சதவீதம் வெற்றி வாய்ப்பு என்று சொன்னது கவனக்குறைவு என நீதிமன்றம் கண்டது. ஆனால் காலம் கடந்து வந்ததால் வழக்குத் தோற்றது. வழக்குப் போட்டவர்களே வழக்கறிஞர்கள். நம் நாட்டில் ஒப்பந்த மீறலுக்கான வழக்குக்கு மூன்று ஆண்டுதான் கெடு.

பட்டயக் கணக்காளர் என்றால், 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களுடைய நிறுவனத்தின் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவில் புகார் செய்யலாம். குற்றம் உறுதியானால் நிறுவனம் அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம், அபராதம் விதிக்கலாம். அந்த அபராதத்தில் ஒரு ரூபாயும் புகார் செய்தவருக்கு வராது. அதனாலேயே அது மதிப்புள்ள புகார். கூட்டாளியாக இருந்தவர்கூட அங்கே போகலாம், போகவும் வேண்டும். தன் பங்கையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. 2022 முதல், பழைய கணக்கைத் தாமாகவே திருத்திக் கொடுக்க அப்டேட்டட் ரிட்டர்ன் என்ற வழி இருக்கிறது. 2025-இல் அதன் கெடுவை நான்கு ஆண்டாக நீட்டினார்கள். கூடுதல் வரி 25 முதல் 70 சதவீதம் வரை. வலிக்கும். ஆனாலும் நோட்டீஸ் வருமுன் தன் கணக்கை நேராக்கிவிட்டு அடுத்தவர் கணக்கைக் கேட்பவரின் சொல்லுக்குத்தான் எடை.

சின்ன ஊரில் இது எளிதல்ல. ஆடிட்டர் அப்பா காலத்திலிருந்து பழக்கம். கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்பவர். "ஊருக்குள்ள எதுக்குப் பகை" என்று அபராதத்தைக் கட்டிவிட்டு வாய் மூடுகிறவர் உறவைக் காப்பாற்றுகிறார். ஆனால் ஆடிட்டர் ஆபீஸில் தாம் உட்கார்ந்த நாற்காலியில் அடுத்து வந்து உட்காரப்போகிறவரை அவர் காப்பாற்றவில்லை.