யார் கட்டிய வீடு?

பொய் சொல்லலாகாது என்று பிள்ளைக்குப் போதிக்காத பெற்றோர் நம்மில் இலர். ஆயினும், இரண்டாம் வகுப்புக் குழந்தை ‘நம் வீடு’ என்னும் செயல்திட்டத்தைப் பள்ளிக்கு எடுத்துச் செல்லும் நாளில் நம் இல்லங்களில் நிகழ்வது யாது? முதல் நாள் இரவு, குழந்தை உறங்கிய பின், தாய் தெர்மோகோல் அட்டையை அறுத்து, வண்ணத்தாள் ஒட்டி, ஓட்டுக் கூரையுடன் ஓர் அழகிய வீட்டை எழுப்புகிறார். அவருக்கு ஓய்வில்லையெனில், பள்ளியை அடுத்த கடையில் தந்தை ஆயத்தமாக வாங்கி வந்துவிடுகிறார். காலையில் அதன்மேல் குழந்தையின் பெயர் எழுதப்படுகிறது. ஆசிரியை பார்த்த மாத்திரத்திலேயே உண்மையை உணர்ந்துகொள்கிறார். எனினும் ‘மிக நன்று’ என எழுதி மதிப்பெண் இடுகிறார்.

இதில் பொய்யுரைத்தவர் யார்? எவரும் வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் நம் அறநூல்கள், தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என வினையை மூன்றாகப் பகுத்துள்ளன. மூன்றுக்கும் பொறுப்பு உண்டு என்றும் கூறுகின்றன. இம்மூன்றும் ஓர் அட்டை வீட்டில் வந்து கூடிவிட்டன. குழந்தை தனதல்லாததைத் தனதென்று சுமந்து செல்கிறது, பெற்றோர் சுமக்கச் செய்கின்றனர், ஆசிரியை உடன்படுகிறார். ஏழு வயதில் இதெல்லாம் புரியாது என்பார் உளர். நாற்பதாண்டுக்கு அண்மித்த காலம் சிறு வகுப்புகளில் நின்ற நாம் அதனை ஏற்பதற்கில்லை. எழுதியிருக்கும் பெயர் யாருடையது, செய்த கை யாருடையது என்பதைக் குழந்தை நன்கறியும். பாராட்டு கிடைக்கும்போது அது நிமிர்ந்து பாராமல் நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறோம்.

அவ்வாறாயின் உதவுதலே தவறா எனில், அன்று. உதவியின் அளவே இங்கு வினா. உட், புரூனர், ராஸ் என்னும் அறிஞர் மூவர் 1976ஆம் ஆண்டில் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள 30 குழந்தைகள், 21 மரத்துண்டுகளை ஒன்றுடனொன்று பொருத்திக் கூம்பு வடிவக் கோபுரம் ஒன்றை அமைக்க வேண்டும். உடனிருந்த பயிற்றுநர், குழந்தை தானே செய்யக்கூடியதைச் செய்யவிட்டார். முதலில் வாய்ச்சொல்லால் குறிப்புணர்த்தினார். அதுவும் பயன்படாதபோதே கைகொடுத்தார். இத்தகைய உதவிக்கு அவர்கள் இட்ட பெயர் ‘சாரம்’. கொத்தனார் கட்டுகின்ற அதே சாரந்தான். சுவர் எழும்பியதும் சாரம் பிரிக்கப்பட வேண்டும். சாரத்தையே வீடென்று காட்டுவார் இலர்.

1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரின் கருவிகளிலும் இந்நோக்கே காணப்படும். ஒரு மரக்கட்டையில் பத்துக் குழிகள். அவற்றிற்கேற்ற பத்து உருளைகள். ஒன்றை மாற்றி வைத்தால் இறுதியில் ஓர் உருளை குழியில் அடங்காது. தவற்றினை எடுத்துரைக்கப் பெரியவர் ஒருவர் தேவையில்லை, கட்டையே சொல்லிவிடும். நாமோ அத்தவறு நேருமுன்னரே குழந்தையின் கையைத் தட்டிவிட்டு நாமே செய்து முடித்துவிடுகிறோம்.

குழந்தையின் கை நேர்த்தியாக அமையாதது அதன் குற்றமுமன்று. மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிற்றெலும்புகளும் பிறக்கும்போது பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஒவ்வொன்றாக முற்றத் தொடங்கி, எட்டாவதும் முற்றத் தொடங்கப் பத்து வயதளவாகிறது. அந்தக் கையினின்று அச்சிட்டாற்போன்ற எழுத்தையும் கத்தியால் அறுத்தாற்போன்ற விளிம்பையும் எதிர்பார்ப்பது முறையன்று. கூரை ஒருபுறம் சாய்ந்து, பசை வழிந்து, கதவு சன்னலினும் சிறியதாக இருக்குமாயின், அதுவே ஏழு வயதின் மெய்யான வீடு.

தாய்மாரை மட்டும் குறைகூறுதல் நீதியாகாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை மாளிகை கொண்டு வரும்போது, தம் பிள்ளை கோணல் வீட்டுடன் தலைகுனிந்து நிற்குமே என்னும் அச்சத்தாலேயே அவர்கள் கண்விழிக்கின்றனர். அவ்வச்சத்தை விளைவித்தது பள்ளி. இத்தகைய வேலைகளை வகுப்பறையிலேயே, பழைய தீப்பெட்டியும் ஓலையும் களிமண்ணும் கொண்டு, ஆசிரியை பார்த்திருக்கச் செய்வித்தால் ஒரு கூட்டுப் பொய்யே தேவைப்படாது. செலவும் இல்லை. வீட்டில்தான் செய்ய வேண்டுமெனில், “நீ செய்தது எது, அம்மா செய்தது எது?” என்று ஆசிரியை குழந்தையைக் கேட்கட்டும். “சுவரை நான் ஒட்டினேன், கத்தி பிடிக்கக் கூடாதென்று கதவை அம்மா வெட்டித் தந்தார்கள்” என்று அது சொல்லுமானால், அச்சொற்களையே அட்டையில் எழுதி வைக்கட்டும். மதிப்பெண் அதற்கே உரியது.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இதனைக் கேட்க நம்மில் ஒருவர் எழுந்தால் போதும். ஏனைய தாய்மாரும் உடனெழுவர். அவர்களுக்கும் இரவில் உறக்கம் வேண்டுமன்றோ?