விடை தந்தவனும் விடை பெற்றவரும்

'என்னைப் பற்றிக் கவலை வேண்டா. நீங்கள் போங்கள்' என்று ஒருவன் தானே சொல்லிவிட்டால், அவனை விட்டுச் சென்றவர்மீது குற்றம் உண்டோ? சட்டம் பயின்றோர் இல்லை என்பர். இசைந்தவனுக்குத் தீங்கு இழைக்கப்படுவதில்லை என்பது பழைய நீதி. ஆயினும் இவ்வினா கால் நூற்றாண்டுக்கும் மேலாக நம்மை விடாது தொடர்கிறது.

1996ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள். பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு, உறையூரிலிருந்து பூம்புகாருக்கு நால்வராகச் சைக்கிளில் புறப்பட்டோம். கல்லணை, திருவையாறு, கும்பகோணம், மாயூரம் எனக் காவிரியை ஒட்டியே ஏறத்தாழ 150 கிலோமீட்டர். திட்டம் எங்களுள் ஒருவனுடையது. ஆறு கடலோடு கலக்கும் இடத்தைக் கண்ணால் காணவேண்டும் என்பது அவன் ஆசை. பூகோள நோட்டின் கடைசிப் பக்கத்தில் வழிப்படமும் வரைந்திருந்தான். மேட்டூர் அணையை சூன் 12இல் திறப்பது மரபு. ஏப்ரலில் காவிரியில் மணலைத்தான் காணலாம் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. நண்பகலுக்கு மேல் கீழ்த்திசையிலிருந்து வரும் கடற்காற்று நெஞ்சைப் பிடித்துத் தள்ளும். ஆதலின் விடியுமுன் மிதிப்பதும், உச்சிப்பொழுதில் கோயில் மண்டபங்களில் கிடப்பதுமாகச் சென்றோம்.

இரண்டாம் நாள் கபிஸ்தலம் தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியதும் அவனுடைய முன்சக்கரம் பொரித்த அப்பளம்போல் நெளிந்துவிட்டது. அவன் தந்தையார் ஓட்டிய சைக்கிள் அது, எங்களைவிட மூத்தது. சுவாமிமலை வரை தள்ளிக்கொண்டு வந்தோம். கடைக்காரர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கோட்டம் எடுத்துப் புண்ணியமில்லை தம்பி, ரிம் மாத்தணும். நாளைக்குக் காலையிலதான் ஆகும்" என்றார். ஒருநாள் தங்கியிருக்கலாம், எங்களை யாரும் கோபித்திருக்கப் போவதில்லை. ஆனால் அவன், "நீங்க போங்கடா. நான் சைக்கிளை பஸ் மேல ஏத்திக்கிட்டு ஊருக்குப் போயிடறேன்" என்றான்.

விருந்தினர் போதும் என்றாலும் 'இன்னும் கொஞ்சம்' என்று ஒருமுறையேனும் வற்புறுத்துவது நம்மவர் வழக்கம். அன்று அந்த ஒருமுறைகூட எங்கள் வாயிலிருந்து வரவில்லை. கையிலிருந்த சோடா முடியுமுன் ஏறி மிதித்துவிட்டோம். அவன் சட்டைப்பையில் ரிம்முக்குப் பணமில்லை என்பது பிற்பாடு தெரியவந்தது. எங்கள் மூவரிடமும் சேர்த்தால் இருந்தது. கேட்க அவன் கூசினான். வினவ நாங்கள் மறந்தோம். மறந்தோம் என்பதும் பொய்யே.

பூம்புகாரில் ஆறு கடலோடு கலக்கவில்லை. மணல்திட்டுக்கு இப்பால் பச்சை படிந்த நீர் தேங்கி நின்றது, அப்பால் அலை. மாயூரத்திலிருந்து நாங்களும் பஸ்ஸிலேயே திரும்பினோம். ஊரில் அவன் கேட்டது ஒன்றே: "கலந்துச்சா?" கலந்தது என்றோம். ஒன்றுமில்லாததற்காகவா உன்னை விட்டுப் போனோம் என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

எங்கள் உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, காணாமலே நட்புக்கொண்ட பிசிராந்தையார் தாமே வந்து உடனிருந்த கதையை மேடைதோறும் கேட்கிறோம். பொத்தியார் என்ற மற்றொரு புலவரை அத்துணை பேசுவதில்லை. மனைவி கருவுற்றிருந்தமையால், மகன் பிறந்தபின் வருக என்று சோழன் அவரைத் திருப்பியனுப்பினான். அவரும் சென்றார். மகன் பிறந்தான். சோழனோ மறைந்துவிட்டான். விடை கிடைத்ததே என்று வீட்டில் இருந்துவிடவில்லை பொத்தியார். திரும்பி வந்து, எனக்குரிய இடம் எது என்று நடுகல்லாகிவிட்ட நண்பனிடம் கேட்டு வடக்கிருந்தார் என்பதைப் புறநானூற்றால் அறிகிறோம். போ என்றபோது போனதில் அவருக்கு இழுக்கில்லை. போனவர் அந்தச் சொல்லைக் கடன்சீட்டாகக் கொண்டார். நாங்களோ ரசீதாகப் பெற்றுக்கொண்டோம். எழுத்தர் பிழைப்பில் இவ்வுவமைதான் தோன்றுகிறது!

தில்லி வந்து சேர்ந்த நம்மில் பெரும்பாலோர் இப்படியொரு விடை பெற்று வந்தவரே. சென்னை சென்ட்ரலில் சன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு, "நாங்க பார்த்துக்கறோம், நீ போய் வேலையைப் பாரு" என்று சொல்லாத தாய் தந்தையர் உண்டோ? அது மனமுவந்த சொல்லா, நம் முகத்தைப் பார்த்துச் சொன்ன சொல்லா? வண்டி நகர்ந்துவிட்டதால் ஆராயவில்லை. சொந்த ஊர் சென்றுவர இரண்டாண்டுக்கு ஒருமுறை சலுகை உண்டு. ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பும் உண்டு. சென்ற பொங்கலுக்கு முன் ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில், "ஆபீசில வேலை இருந்தா வரவேணாம்ப்பா" என்றார். வேலை அப்படியொன்றும் இல்லை. எழுதிவைத்திருந்த விடுப்பு விண்ணப்பம் மேசை இழுப்பறையிலேயே கிடக்கிறது.