நகையும் நிந்தையும்

2012-ஆம் ஆண்டு ஆகஸ்டு திங்களில், பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில் ஐந்து நண்பர்கள் கூடி ஒரு நகைச்சுவைக் குழுவைத் தொடங்கினர். 'போர்ட்டா டோஸ் ஃபுண்டோஸ்' என்பது அதன் பெயர். கொல்லைப்புறக் கதவு என்று பொருள். தொலைக்காட்சியில் கிட்டாத சுதந்திரத்தை நாடிய இவர்கள், சில நிமிடங்களே ஓடும் சிறு நாடகங்களைப் படம்பிடித்து யூடியூபில் வெளியிட்டனர். கொல்லை வழியே நுழைந்தவர்கள் ஓராண்டுக்குள் அந்நாட்டின் நடுக்கூடத்தில் அமர்ந்துவிட்டனர். 2017-இல் அமெரிக்க வியாகாம் நிறுவனம் குழுவின் பெரும்பங்கை விலைக்கு வாங்கியது.

இவர்களுடைய தொடக்க கால நாடகம் ஒன்று, ஸ்பொலெட்டோ என்னும் உணவக நிறுவனத்தைக் கேலி செய்தது. என்னென்ன சேர்க்க வேண்டும் என்று தயங்கும் வாடிக்கையாளரைப் பரிமாறுபவர் விரட்டி வாட்டும் காட்சி அது. நிறுவனம் வழக்குத் தொடுக்கவில்லை. நாடகத்திற்குத் தன் பெயரையே சூட்டச் செய்து, அதன் தொடர்ச்சியையும் எடுக்கச் சொன்னது. கெட்டிக்கார வணிகர்கள்! ஆனால் விசுவாசம் விற்பனைப் பொருளன்று. எள்ளியவரையே விளம்பரத்திற்கு அமர்த்திக்கொள்ளும் வழி அதற்கு இல்லை.

2019 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் வழியாக இக்குழு வெளியிட்ட கிறிஸ்து பிறப்புக் காலப் படத்தில், தமது முப்பதாம் பிறந்த நாளன்று இயேசு ஓர் ஆண் நண்பரை வீட்டுக்கு அழைத்து வருகிறார். அது காதல் உறவு என்று படம் குறிப்பால் உணர்த்துகிறது. அன்னை மரியாவும் சூசையப்பரும் கேலிக்குத் தப்பவில்லை. படத்தை நீக்கக் கோரி இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். டிசம்பர் 24 அதிகாலையில் குழுவின் அலுவலகத்தின் மீது பெட்ரோல் குண்டுகள் வீசப்பட்டன. உள்ளே இருந்த காவலாளி தீயை அணைத்தார், உயிர்ச்சேதம் இல்லை. கத்தோலிக்க அமைப்பொன்று தொடுத்த வழக்கில், 2020 ஜனவரி 8 அன்று ரியோ நீதிபதி ஒருவர் படத்தை நீக்க ஆணையிட்டார். மறுநாளே உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி டியாஸ் டொஃபோலி அவ்வாணையை விலக்கினார். ஈராயிரம் ஆண்டுகளாக நிலைத்து நிற்கும் விசுவாசத்தை ஒரு நையாண்டி ஆட்டங்காணச் செய்யாது என்பது அவர் கருத்து.

சட்டம் தன் விடையைச் சொல்லிவிட்டது. நமக்கோ வேறொரு கேள்வி எஞ்சி நிற்கிறது. ஆண்டவரை ஒருவர் எள்ளும்போது நமக்குள் புண்படுவது எது?

புனித அக்குவினா தோமையார் எள்ளலைத் தனியொரு பாவமாகவே ஆராய்கிறார். பிறரை நாணச் செய்யும் நோக்குடன் நகைப்பது பாவம். எள்ளப்படுபவரின் மேன்மைக்கேற்ப அதன் கனம் மிகும். கடவுளை எள்ளுவதே எல்லாவற்றிலும் கொடிது என்கிறார். அதே நூலில், தானும் மகிழாமல் பிறர் மகிழ்ச்சிக்கும் தடையாயிருப்பது ஒரு குறையே என்றும் எழுதுகிறார். (நம் பங்குப் பேரவைக் கூட்டங்கள் சிலவற்றில் இதை உரக்க வாசிக்கலாம்.) நிந்தையைத் தாங்கும் மனம் எப்போதும் வேண்டும் என்பது அவர் போதனை. நிந்திப்பவரின் நன்மைக்காகவும், அதைக் கண்டு இடறக்கூடியவர்களின் நன்மைக்காகவும் சிலவேளை எதிர்த்துப் பேசத்தான் வேண்டும். அதுவும் அன்பினால் எழ வேண்டுமேயன்றித் தன் பெருமையைக் காக்கும் ஆசையினால் அன்று.

இந்த அளவுகோலை அக்குண்டுகளின் அருகே வைத்துப் பார்ப்போம். அவை எவருடைய நன்மைக்காக வீசப்பட்டன? உள்ளே ஒரு காவலாளி இருக்கக்கூடும் என்பதையேனும் அக்கைகள் எண்ணிப் பார்த்தனவா? கெத்சமனித் தோட்டத்தில் வாளை உருவிய பேதுரு, ஆண்டவரைக் காப்பதாகவே நினைத்தார். வெட்டுண்டதோ ஓர் ஊழியனின் காது. ஆண்டவர் அதைத் தொட்டுக் குணமாக்க வேண்டியதாயிற்று.

உரோமையின் பாலத்தீன் குன்றில் 1857-இல் ஒரு சுவர்க்கீறல் கண்டெடுக்கப்பட்டது. கழுதைத் தலையுடன் சிலுவையில் தொங்கும் ஓர் உருவம். அதன் முன் கையுயர்த்தி நிற்கும் ஒருவன். அலெக்சாமெனோஸ் தன் கடவுளை வணங்குவதாகக் கிரேக்க எழுத்துகள். சிலுவையில் அறையுண்ட நம் ஆண்டவரைக் குறிக்கும் மிகப் பழைய சித்திரங்களுள் ஒன்று, நம்மை ஏளனம் செய்யத் தீட்டியதே! தொல்காப்பியம் நகை பிறக்கும் நிலைக்களன்களாக நான்கைக் கூறி, எள்ளலை முதலில் வைக்கிறது. பிறரை எள்ளி நகுவது மட்டுமன்று, தான் எள்ளப்படும்போது நகுவதும் அதனுள் அடங்கும் என்பர் உரைகாரர். அந்த இரண்டாம் நகை நமக்கு எளிதில் வருவதில்லை.

ஆயினும் படத்தால் புண்பட்டவர்களின் வலி பொய்யென்று நாம் சொல்லமாட்டோம். செபமாலையன்றி வேறு துணையற்ற ஒரு மூதாட்டியிடம், "இது வெறும் வேடிக்கைதானே" என்பது படித்தவர்களின் இரக்கமின்மை. அவளுக்காக நாம் பேசத்தான் வேண்டும். அப்படம் எள்ளியது அவளை மட்டுமன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆணை நேசிக்கும் ஆண் என்றாலே சிரிப்புக்குரியவன் என்னும் பழைய இழிவின் மீதும் அந்த நகைச்சுவை சாய்ந்து நின்றது. எதிர்த்துக் கொதித்தவர்களுள் பலரும் அதே இழிவைத்தான் உரக்கச் சொன்னார்கள்.

2024 ஜூன் 14 அன்று, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 15 நாடுகளைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட நகைச்சுவைக் கலைஞர்களை வத்திக்கானில் சந்தித்தார். அன்புக்குரியவர்களோடு விளையாடுவதுபோலக் கடவுளைக் குறித்தும் சிரிக்கலாம், ஆனால் விசுவாசிகளின், சிறப்பாக ஏழைகளின் சமய உணர்வைப் புண்படுத்தாமல் என்று அவர்களிடம் கூறினார். அன்று அழைப்புப் பெற்று வந்திருந்தோருள் ஃபாபியோ போர்ஷாவும் ஒருவர். அக்குழுவைத் தொடங்கிய ஐவருள் ஒருவர் அவர். 2019-ஆம் ஆண்டுப் படத்தில் அந்த ஆண் நண்பராக நடித்தவரும் அவரே.